புத்தகத்தில் இல்லாத பக்கம்

எங்கள் மலையூரில் சாவு வீட்டில் புராணம் படிக்கிறவன் நான்தான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்டால், மற்றவர்கள் அதற்கும் முன்னாலேயே விட்டுவிட்டார்கள் என்பதுதான் பதில்.

வழக்கமும் ஒன்றும் பழையதில்லை. ஷேர் ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் மலைக்குக் கீழே அமிர்திப் பக்கம் ஒரு சாவு வீட்டில் பதினாறாம் நாள் யாரோ உட்கார்ந்து புராணம் படிப்பதைப் பார்த்திருக்கிறார். தன் அம்மா செத்தபோது தனக்கும் அது வேண்டும் என்று திருவண்ணாமலை நடைபாதைக் கடையில் அதே புத்தகத்தை வாங்கி வந்துவிட்டார். செத்தவன் எமலோகம் போகிற வழி, எந்தப் பாவத்துக்கு எந்த நரகம், இருக்கிறவர்கள் என்ன காரியம் செய்யவேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. அட்டையில் எருமைமேல் எமன். எருமையை நன்றாக வரைந்திருந்தார்கள். எமனுக்கு மட்டும் ஜீப் அண்ணனின் மூஞ்சி. அதை முதல் தடவை படித்த அன்றே சபையில் சொன்னேன். பதினாறு நாளாகச் சிரிக்காத வீடு சிரித்தது. அதோடு புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது.

படிப்பது சுலபமில்லை. பழைய தமிழ், நடுநடுவே வடமொழி எழுத்து. அவை வந்தால் என் நாக்கு கல்லில் இடறின கால் மாதிரி நிற்கும். கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால் நானே கொஞ்சம் சேர்ப்பேன்.

"பத்துப் பேர் உக்கார்ற வண்டியில இருபத்தஞ்சி பேர ஏத்தறவன, எமகிங்கரருங்க அந்த வண்டி மேலயே கட்டி, கொண்டை ஊசி வளைவு எல்லாத்துலயும் பின்னாலயே ஓட்டுவாங்க."

"டேய், எந்தப் பக்கத்துல கீது அது? காட்டுடா!" என்று ஜீப் அண்ணன் எழுந்து வருவார்.

"நாப்பத்தி மூணாம் பக்கம்ணே. படிக்கத் தெரிஞ்சா நீயே பாத்துக்க."

அவருக்குத் தெரியாது என்று ஊருக்கே தெரியும். கூட்டம் உருளும். இன்னொரு சாவில், எடை கூடுவதற்காகப் புளியில் கொட்டையை விட்டு விற்கிறவர்கள் நரகத்தில் கொட்டைமேல் முட்டி போட்டு நிற்பார்கள் என்று படித்தேன். கீழ் வீட்டு அத்தையைக் கிண்டல் பண்ணத்தான் சொன்னேன். அடுத்த வாரம் பார்த்தால் அத்தை மூன்று மூட்டைப் புளியைப் பிரித்துப் போட்டு, ஒரு கொட்டை இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் புண். அதற்கும் சிரித்தேன். அப்போதே பயந்திருக்க வேண்டும்.

எனக்கு அப்பா அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். அண்ணனும் அண்ணியும்தான் வளர்த்தார்கள். அண்ணன் ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போனான். குழாய் பதிக்கிற வேலை என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். எங்கள் மலையில் அப்படித்தான் சொல்வோம், அப்படித்தான் நம்புகிற மாதிரி கேட்டுக்கொள்வோம். கூட்டிப் போனவர் அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மாமா. கிளம்பும்போது அண்ணன் என் தலையில் தட்டி, "ரெண்டு வாரத்துல வந்துடுவேன். அதுக்குள்ள கிண்டல் எல்லாத்தையும் செலவு பண்ணிடாத, எனக்கும் மிச்சம் வை" என்றான்.

மூன்றாவது வாரம் மாமா மட்டும் வந்தார். கால் இரண்டும் வீங்கி, நகம் இரண்டு இல்லாமல். "ஓடறப்போ பிரிஞ்சிட்டோம். அவ்ளோதான் தெரியும்" என்றார். அண்ணன் ஜெயிலில் இருப்பான் என்று ஒரு வருஷம் நினைத்தோம். அங்கே போய்க் கேட்டுப் பார்த்தவர்கள் பேர் இல்லை என்று திரும்பி வந்தார்கள். பிறகு எதையும் நினைக்காமல் இரண்டு வருஷம் போனது.

அண்ணன் மகளுக்கு ஒன்பது வயசு. விடுதிப் பள்ளியில் சேர்க்க ஒரு படிவம் கொடுத்தார்கள். தகப்பனார் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, ஏதாவது ஒன்றில் டிக் போடவேண்டும். அண்ணி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சாமை புடைத்துக்கொண்டிருந்த கை, தவிடு அப்படியே இருந்தது.

"தம்பி, இதுல இன்னா போடறது?"

"இன்னொரு கட்டம் போட்டு, 'ஓடிட்டார்'னு எழுதிடலாம் அண்ணி" என்றேன். வாய்க்கொழுப்பு. அண்ணி கோபப்படவில்லை.

"அந்தப் புக்குல எல்லாருக்கும் சொல்லிக்கீதே. ஒடம்பு கெடைக்காதவனுக்கு இன்னா சொல்லிக்கீது?"

தேடினேன். இருந்தது. உடம்பு கிடைக்காதவனுக்குப் புரசு இலைக் காம்பில் உடம்பு செய்யவேண்டுமாம். முந்நூற்று அறுபது காம்பு. கழுத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை, கைக்கு இத்தனை, காலுக்கு இத்தனை என்று கணக்கு. தலைக்குத் தேங்காய். அந்த உடம்பைக் குளிப்பாட்டி, எரித்து, காரியம் செய்தால் போனவன் வழி நடப்பான். செத்தது உறுதியாகத் தெரிந்தால் உடனே செய்யலாம். தகவலே இல்லையென்றால் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கவேண்டும். இதை நான் திக்கித் திக்கிப் படித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. அந்தப் பக்கத்தில் ஒரு கிண்டலும் சேர்க்கத் தோன்றவில்லை.

அண்ணி விரலை மடக்கினார். "மூணு வருசம் போச்சி. இன்னும் ஒம்போது வருசம். அதுக்குள்ள இதுக்குக் கல்யாணமே ஆயிடும்." பிறகு முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கண்ணனுக்குத் தெரியும், தம்பி."

"இன்னா தெரியும்?"

"எட்டு வாட்டி கேட்டுட்டேன். எட்டு வாட்டியும் ஒரு வார்த்த மாறாம அதேதான் சொல்றாரு. நடந்தத சொல்றவன் ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவான். சண்டைய சொல்லுவான், செருப்பு அறுந்தத சொல்லுவான். இவரு மனப்பாடம் பண்ணிக்கினு வந்து ஒப்பிக்கிறாரு."

அந்தப் பங்குனியில் அண்ணியின் அப்பா செத்தார். புளி உலுக்க மரமேறி விழுந்த சாவு இல்லை. சாப்பிட்டுப் படுத்தார், அவ்வளவுதான். பதினாறாம் நாள் மாமா வீட்டில் காரியம். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் புராணம். கொள்ளி வைத்தவர் மாமா என்பதால் மொட்டைத் தலையோடு எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். மீசையும் இல்லை. "மாமா, உரிச்ச கோழி மாதிரி கீற" என்று படிக்க உட்காரும் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவரும் சிரித்தார். கையில் ஒரு சொம்பு தண்ணீர். வெயில் அப்படி.

செத்தவன் போகிற வழி வந்தது. நிழல் கிடையாது. தண்ணீர் கிடையாது. தாகம், தாகம் என்று கத்திக்கொண்டே போவான். பிள்ளைகள் இங்கே விடுகிற தண்ணீர்தான் அவனுக்கு அங்கே. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. படித்துக்கொண்டே நிமிர்ந்தேன். மாமா அண்ணாந்து சொம்பை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. ஏன் எனக்கு அது தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. ஜீப் அண்ணனுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

"கூட வந்தவனக் காட்டுல வுட்டுட்டு, தனியா வூடு திரும்பி, நடந்தத மறைக்கிறவன் குடிக்கிற தண்ணி எல்லாம் அந்தச் செத்தவன்கிட்ட இருந்து புடுங்கின தண்ணி. இவன் ஒரு வாய் குடிச்சா, அங்க அவனுக்கு ஒரு காத தூரம் வழி நீளும்."

யாரும் சிரிக்கவில்லை. அது கிண்டல் மாதிரியே இல்லை என்று எனக்கே பட்டது. உடனே ஜீப் கிண்டலுக்குத் தாவிவிட்டேன். கூட்டம் சிரித்தது, ஜீப் அண்ணன் திட்டினார், எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள். மாமாவின் சொம்பு தரையில் இருந்தது. பாதித் தண்ணீரோடு.

மூன்றாவது நாள் காலையில் அண்ணன் மகள் ஓடி வந்தாள்.

"சித்தப்பா, மாமா தண்ணியே குடிக்க மாட்டேங்குறாரு. மூணு நாளா. அம்மா ஒன்ன புக்கோட வரச் சொல்லிச்சி."

போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மாமா, சும்மா கிண்டலுக்குச் சொன்னேன், புக்குல அப்படி ஒண்ணும் இல்ல, நாலு அறை அறைஞ்சிட்டுத் தண்ணியக் குடி. இதுதான் சொல்ல வேண்டியது.

மாமா வீட்டுக்கு உள்ளே, பாயில்கூட இல்லாமல் வெறும் தரையில் கிடந்தார். உதடு சாம்பல் பூத்து வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. சுவரோரம் அண்ணி உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு சொம்பு தண்ணீர். நிரம்பி இருந்தது.

"மாப்ள" என்றார் மாமா. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு தடித்து வந்தது. "அந்தப் பக்கத்த இன்னொரு வாட்டி படி."

"மாமா, அது வந்து..."

"படி தம்பி" என்றார் அண்ணி.

அண்ணியைப் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை. சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டால் மாமா தண்ணீர் குடிப்பார். குடித்தால் எழுந்து உட்கார்ந்து, ஒன்பதாவது முறையாக அதையே ஒப்பிப்பார். அண்ணி ஒன்பது வருஷம் முறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சொல்லாவிட்டால் இந்த ஆள் செத்தும் போகலாம். இதெல்லாம் அங்கே நின்று அழகாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். புத்தகத்தைத் திறந்தேன், அவ்வளவுதான். திறந்த பக்கத்தில் பசு தானம் கொடுப்பது பற்றி இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, மூன்று நாள் முன்னால் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சநேரம் செத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு பேசினார்.

"பள்ளத்துல வுழுந்துட்டான், மாப்ள. யாரோ வர்றாங்கன்னு சொன்னாங்க, ஓடினோம், நான் தாண்டிட்டேன், அவன் வுழுந்துட்டான். காலு ஒடஞ்சி எலும்பு வெளிய வந்துடுச்சி. கத்தல. ஒன்னமாதிரிதான், அப்பவும் கிண்டல்தான் பண்ணான். 'மாமா, நொண்டிக்கு ஒங்க தங்கச்சிய குடுத்துட்டோமேன்னு வருத்தப்படாதீங்க'ன்னான். அப்புறம் தண்ணின்னான்."

உலர்ந்த நாக்கால் உதட்டைத் தடவினார்.

"பாட்டில எடுத்துக்கினு கீழ ஓடைக்குப் போனேன். ரொப்பிக்கினு திரும்பறேன், மேல ஆளுங்க பேசற சத்தம். தெலுங்கு. நின்னேன். அப்புறம் மேல ஏறாம கீழயே எறங்கிட்டேன். ஒரு பகல் பூரா ஒரு பொந்துல கெடந்தேன். பாட்டில் கையில கீது. தாகம். அந்தத் தண்ணிய..." அவர் வாய் திறந்தபடியே இருந்தது. "நான்தான் குடிச்சேன், மாப்ள."



"அடுத்த நாளு மேல ஏறிப் போனேன். வாயத் தொறந்துக்கினு கெடந்தான். வாயெல்லாம் எறும்பு. அந்த ஆளுங்க அந்தப் பக்கமே வரல. வேற வழியா பூட்டாங்க. எலய ஒடிச்சி மேல போட்டு மூடி, கல்ல வச்சிட்டு வந்துட்டேன்." பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினார். "அத்த எழுதனவன் எங்க இருந்துடா பாத்தான்? அப்டியே எழுதிக்கீறானே. எங்க இருந்து பாத்தான்?"

நான் புத்தகத்தை மூடினேன்.

அண்ணி எழுந்து சொம்பை எடுத்து வந்தார். மாமாவின் கையில் கொடுக்கவில்லை. எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்தார். "குடி" என்றார். எப்போதும் "குடிங்க அண்ணா" என்கிறவர்.

மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "குடிக்கலாமா, மாப்ள?"

தலையாட்டினேன். சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பாதி மார்பில் வழிந்தது. பாதியை வாந்தி எடுத்தார். பிறகு மறுபடியும் குடித்தார்.

உடனே காரியம் செய்துவிடலாம் என்று போனால், புரசு மரத்தில் இலை இல்லை. பங்குனியில் அது இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மரம் முழுக்கப் பூவாக நிற்கும். காடு பற்றி எரிகிற மாதிரி இருக்கும். முந்நூற்று அறுபது காம்புக்குப் பத்துக் காம்புகூடத் தேறவில்லை. புத்தகத்தை எழுதியவருக்கு எந்த மாதத்தில் சாகக்கூடாது என்று எழுதத் தோன்றவில்லை. தளிர் வரட்டும் என்று காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில் மாமா காணாமல் போனார். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை ரொப்பிக்கொண்டு அமிர்தி வழியாக இறங்கிப் போனதை ஜீப் அண்ணன் பார்த்திருக்கிறார். "எங்க மாமா போற, மலையில இல்லாத தண்ணியா கீழ?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். பன்னிரண்டு நாள் ஆனது. இன்னொரு முந்நூற்று அறுபது காம்பு தேடவேண்டி வருமோ என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அதை யாரிடமும் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் வந்தார். கேன் அப்படியே ரொம்பியிருந்தது. எங்கள் வாசலில் அதை இறக்கி வைத்தார்.

"அவன் கெடந்த எடம் தெரியல. தடமெல்லாம் மாறிக்கீது. எல்லாப் பள்ளமும் ஒரே மாதிரி கீது" என்றார். அண்ணி வெளியே வரவில்லை. அவர் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனார். கேன் எங்கள் வாசலில் வெயிலில் கிடந்தது. யாரும் தொடவில்லை, ஆடுகூட.

வைகாசியில் இலை வந்தது. காம்புகளைக் கிள்ளிக்கொண்டு வந்து கொட்டினோம். அண்ணன் மகள் எண்ணினாள். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் வரை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தன் அப்பாவின் கை எத்தனை, கால் எத்தனை என்று சத்தமாக எண்ணி எண்ணிப் பக்கத்தில் வைத்தாள். நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து எண்ணினாள். நான் புத்தகத்தைப் பார்த்து உடம்பை அடுக்கினேன். தலைக்குத் தேங்காய் வைத்ததும் அளவு ஒத்துவரவில்லை.

"தல பெருசாப் போச்சி அண்ணி. அண்ணனுக்கு அவ்ளோ மூள எங்க இருந்துச்சி?" என்றேன்.

அண்ணி சிரித்தார். ஒரே ஒரு சத்தம். அது சிரிப்பாக ஆரம்பித்து வேறொன்றாக முடிந்தது. மூன்று வருஷத்தில் அன்றுதான் அண்ணி அழுது பார்த்தேன். உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டபோது அவரே போய் வாசலில் கிடந்த கேனைத் தூக்கி வந்தார். தேங்காய்மேல் வாய் இருக்கும் இடம் என்று நினைத்து, அங்கேயே நிறைய நேரம் ஊற்றினார். மாமா தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் கொள்ளி வைத்தேன். தேங்காய் வெடித்தது. குழந்தை பயந்து என் காலைக் கட்டிக்கொண்டது.

படிவத்தில் டிக் போட்டதும் நான்தான். அதற்கு இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இலைக் காம்புக்கு எந்த ஆபீசிலும் சான்றிதழ் கிடையாது. அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளையை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

கொள்ளி வைத்த அன்று சாயங்காலமே அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். "அண்ணி, மாமாவுக்கு நான் படிச்சது..."

"புக்குல இல்ல. தெரியும்."

"எப்டி?"

"புக்குல கீறத படிச்சா நீ திக்குவ தம்பி. அன்னிக்கி நீ திக்கவே இல்ல."

படிக்கத் தெரியாதவர். சாம்பல் தட்டின கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பை மூட்டப் போனார். அப்படியானால் அந்த மூன்று நாளும், சுவரோரம், நிரம்பின சொம்பை மடியில் வைத்துக்கொண்டு தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. தாகம் புத்தகத்தில் இருந்தது. அது போய்ச் சேரவேண்டிய விலாசத்தை மட்டும் நான் எழுதினேன். வாசலைத் திறந்துவிட்டவர் அண்ணி.

இப்போதும் யாராவது செத்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இருக்கிறதை மட்டும் படிக்கிறேன், திக்கித் திக்கி. "இன்னாடா, ஜீப்புக்கு ஒண்ணும் இல்லியா இன்னிக்கி?" என்று ஜீப் அண்ணனே கேட்கிறார். பக்கம் கிழிந்துவிட்டது என்கிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்காவது கல்யாணத்திலோ டீக்கடையிலோ நானும் அவரும் ஒன்றாக இருக்க நேர்ந்தால், தண்ணீர் கொடுத்ததும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்ப்பார். "இன்னா மாமா, தண்ணி குடிக்கக்கூட மாப்ளகிட்ட பர்மிசன் கேக்கற?" என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். ஆனால் டம்ளர் இறங்காது, ஏறவும் ஏறாது.

நான் தலையாட்டுவேன். பிறகுதான் குடிப்பார்.